அண்ணத்தில் கிடந்த பல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தை நாலு நாள் கழித்து என்னாலேயே படிக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. தப்பாக இருக்கும் இடத்தில் சரியாக வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. தறிக்கூடத்தில் யாராவது வந்து, பிள்ளைக்குப் பல் சரியாக முளைக்கவில்லை, நீங்கள் எங்கே காட்டினீர்கள் என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவைப் பாருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். வேலை சத்திரப்பட்டி பக்கம், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில். மேல்வரிசையில் வலது பக்கம், முன்பற்கள் முடிந்து கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில், எனக்கு அரிசிமணி போல ஒரு சின்னப் பல் இருந்தது. அந்தப் பக்கம் சிரித்தால் அசிங்கமாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே கையை வைத்து மறைத்துக்கொண்டு பேசிப் பழகிவிட்டேன். அந்தப் பல் ஒருநாளும் வலித்ததில்லை.

1993-ல், மழைக்காலத்தில், மூக்கின் வலது ஓரத்தில் கன்னம் லேசாக வீங்கியது. நீர்க்கோவை என்று நினைத்தோம். என் மனைவி ராமலட்சுமி சுக்கை உரைத்துப் பத்துப் போட்டாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்றேன். வீக்கம் வடியும், பத்து நாளில் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தது. தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் இறங்குவது போல இருந்தது. வீக்கத்தை அழுத்தினால் பிளாஸ்டிக் டப்பா மூடியை அழுத்துகிற மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. அதைப் பார்த்தபிறகுதான் ராமலட்சுமி பயந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார்கள். சின்ன வயது. பல் ஆஸ்பத்திரி பெஞ்சு மற்ற ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரி கிடையாது. யாரும் யாரிடமும் என்ன சீக்கு என்று கேட்பதில்லை. எல்லாரும் துண்டையோ முந்தானையையோ தாடையில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது.

டாக்டரம்மா என் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார்கள்.

"நாப்பத்தொண்ணு."

"ஒரு பால்பல் இன்னும் விழாம இருக்கு, தெரியுமா?"

வேடிக்கை பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு சின்ன பிலிமை வாய்க்குள் வைத்து, என் கட்டைவிரலாலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அது காய்ந்ததும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்கள். அந்த அரிசிமணிப் பல்லுக்கு மேலே, எலும்புக்குள், ஒரு முழுப் பல் படுத்துக் கிடந்தது. நேராக இறங்க வேண்டியது, வழி தவறி அண்ணத்துப் பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. கீழிருந்து அது வந்து தள்ளாததால் பால்பல் விழவில்லை. இறங்காத பல்லின் தலையைச் சுற்றிச் சிலருக்கு ஒரு தண்ணீர்ப்பை உண்டாகுமாம். வருஷக்கணக்கில் அது மெதுவாகப் பெருத்து எலும்பை அரிக்குமாம். எனக்கு அது மூக்கின் அடிவரை போயிருந்தது.

மதுரைக்குப் போய், தலையைச் சுற்றி ஓடுகிற ஒரு மிஷினில் பெரிய எக்ஸ்ரே எடுத்து வந்தோம். அடுத்த வாரம் ஊசி குத்தி அந்தப் பையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள். வெளிறின மஞ்சளாக, வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருந்தது. அதையும், பையிலிருந்து ஒரு துணுக்கையும் சோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ராமலட்சுமி என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை, "அந்தக் கெட்ட வியாதியா இருக்காதுல்ல?" என்றாள். நான் இருக்காது என்று தலையாட்டினேன். எனக்கு என்ன தெரியும்? மறுநாளிலிருந்து என் தட்டில் மட்டும் மீன் கூடுதலாக விழுந்தது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் வந்தது.

கெட்ட வியாதி இல்லை என்று வந்தது. ராஜபாளையத்தில் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் சேர்ந்தேன். ஆபரேஷன் பண்ண மதுரையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். கூட நம் டாக்டரம்மாவும் இருந்தார்கள். மூக்கில் ரப்பர் மூடியை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள். விழித்தபோது மேலுதடு எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி இருந்தது. பையையும் பல்லையும் எடுத்துவிட்டு அந்தக் குழியில் மஞ்சள் மருந்தில் நனைத்த நாடாத் துணியைத் திணித்திருந்தார்கள். அந்த மருந்தின் வாடை இன்றைக்கும் நினைத்தால் வரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாடாவை உருவி வெட்டினார்கள். முதல் நாள் நர்ஸ் உருவியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. நாங்கள் தறியில் ஓட்டுகிற அதே துணி. இத்தனை வருஷம் அது எங்கே போகிறது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது கஷ்டம். எனக்கு விடுமுறை மாதிரி. ராமலட்சுமி கஞ்சித் தெளிவை ஆற்றி ஆற்றி, ஸ்பூனை இடது பக்கமாகவே கொண்டுவந்து ஊட்டுவாள். செலவுக்குத் தறிக்கூட முதலாளி முன்பணம் தந்தார். மீதியை ராமலட்சுமியின் அண்ணன், என் மச்சான், பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் என் மகள். செண்பகம், ஒரே பிள்ளை, அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு நேராக இளநீரோடு வார்டுக்கு வருவாள். ஒருநாள் நாடா உருவும்போது நான் செய்த கோணல் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"இங்க வா. இன்னொரு தரம் சிரி."

அவள் கூச்சத்தோடு வாயைத் திறந்தாள். மேல்வரிசை, வலது பக்கம். அதே அரிசிமணி.

மறுநாளே எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்கு இருந்தது போலவே அவளுக்கும் பல் அண்ணத்தில் சாய்ந்து கிடந்தது. பை மட்டும் இல்லை. வம்சத்தில் வருவதுண்டாம். ஆனால் அவளுக்கு வயது இருக்கிறது என்றார்கள். பால்பல்லைப் பிடுங்கி, பற்களில் கிளிப் மாட்டி இடம் பண்ண வேண்டும். அதற்கென்று படித்த டாக்டர் மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார். இடம் கிடைத்ததும் அண்ணத்து ஈறைக் கொஞ்சம் திறந்து, உள்ளே கிடக்கும் பல்லில் பொத்தான் மாதிரி ஒன்றை ஒட்டி, அதில் சங்கிலி போல மெல்லிய கம்பி கோத்து, மாதாமாதம் இறுக்கி இழுத்து வர வேண்டும். ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். விட்டுவிட்டால் நாளாக ஆகப் பல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் கம்பிக்கும் அசையாது. பக்கத்துப் பல்லின் வேரையும் அரிக்கலாம், எனக்கு வந்தது போலப் பையும் வரலாம்.

நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே சரி என்று மனதில் முடிவு பண்ணிவிட்டேன். அவளும் என்னைப் போல வாயில் கையை வைத்துக்கொண்டு காலம் தள்ளக்கூடாது. ராமலட்சுமி மட்டும் வேண்டாம் என்றாள். முதலில், பொம்பளைப் பிள்ளை வாயில் கம்பியோடு போனால் தெருவில் பேசுவார்கள் என்றாள். பிறகு, படிப்புக் கெட்டுவிடும் என்றாள். அதற்கெல்லாம் டாக்டரம்மா பதில் சொன்னார்கள். கடைசியில் என் கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள்.

"மேல்பல்லை நோண்ட வேண்டாம். எனக்கு எங்கண்ணன் ஒருத்தன்தான்."

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. குழந்தைக்குக் கீழ்ப்பல் முதலில் முளைக்க வேண்டும். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். செண்பகத்துக்கு மேல்பல்தான் முதலில் வந்தது. அப்போது கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் குழந்தையின் முகத்தை அவள் மாமனுக்குக் காட்டிவிட்டுத்தான் நேரில் பார்க்கவிட்டோம். அப்படிச் செய்தும், அந்த மாதமே ஆலங்குளம் ரோட்டில் சிமெண்ட் ஏற்றி வந்த அவருடைய லாரி கவிழ்ந்து கால் உடைந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு கால் இழுக்கும். ராமலட்சுமிக்கு அந்தப் பயம் இவ்வளவு வருஷமாக உள்ளே கிடந்திருக்கிறது. இப்போது பிள்ளைக்கு மேல்பல்லைத் தோண்டி எடுத்து வெளியே இழுக்கப் போகிறோம் என்றால் அவள் என்ன நினைப்பாள்?

மச்சான் பெயர் சுப்பையா. சேத்தூரில் வீடு. ஆள் வந்தால் வார்டுக்கே தெரியும். எனக்கு ஆபரேஷன் ஆன நாலைந்து நாளில் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் காராச்சேவு.

"என்ன மாப்ள, எப்படி இருக்கு? சேவு வாங்கியாந்தேன்."

ராமலட்சுமி, "அவருக்கு வாயில தையல் போட்டிருக்குண்ணே," என்றாள்.

"தெரியும்ட்டி. அவரு திங்கலைன்னா என்ன, எனக்குப் பசிக்கும்ல. சும்மாவே பேச மாட்டாரு. இப்ப ஊசி நூல் வச்சுத் தைச்சே விட்டுட்டாகளா?"

என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரே தின்றார். நான் சிரிக்கக்கூடாது. சிரித்தால் தையல் இழுக்கும். அது தெரிந்துதான் பேசினார்.

அந்த நேரம் டாக்டரம்மா உள்ளே வந்துவிட்டார்கள். ராமலட்சுமி கண்ணால் ஜாடை காட்டியும் அவர்களுக்குப் புரியவில்லை. குடும்பத்தில் பெரியவர் வந்திருக்கிறார் என்று செண்பகத்தின் எக்ஸ்ரேயை எடுத்து மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அவர் சேவுப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். டாக்டரம்மா போனதும் தங்கையைப் பார்த்தார்.

"ஏட்டி, பிள்ளைக்கு வைத்தியம் பண்ணாம எதுக்கு இழுத்துக்கிட்டு இருக்க?"

அவள் அழுதாள்.

"மேல்பல்லுக்கா? நான் லாரி ஓட்டுறது பிரேக்கை நம்பி. இவ பல்லை நம்பியா ஓட்டுறேன்? அன்னைக்கு வண்டி கவுந்தது டயரு மொட்டையா இருந்ததால. அந்த டயரை மாத்தாம எடுத்தவன் நானு."

"நீ சொல்லுவ. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

"இவளுக்குக் காது குத்தயில யாரு மடியில உக்கார வச்சீக?"

"உம்மடியிலதான்."

"மாமன் மடியில வச்சுத்தான காதுல ஓட்டை போட்டாக. அப்ப வாயில போடுறதுக்கும் எம்மடிதான். என்னைக்குன்னு சொல்லு, வாரேன்."

வழக்கத்தை வைத்தே வழக்கத்துக்குப் பதில் சொல்லிவிட்டார். ராமலட்சுமியால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. தாய்மாமன் சொன்ன பிறகு யார் மறுப்பது?

தை பிறந்து செண்பகத்துக்குக் கிளிப் மாட்டினார்கள். முதல் வாரம் அவளுக்குச் சோற்றைக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கன்னத்தின் உட்பக்கம் கம்பி உரசிப் புண்ணானது. அதற்கு மெழுகு தந்தார்கள். பள்ளிக்கூடத்தில் 'இரும்புக் கேட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மாமன் அதைக் கேட்டுவிட்டு, "கேட்டுன்னா பூட்டு வேணும்ல" என்று ஒரு சின்னப் பூட்டை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் அதைப் புத்தகப் பையில் மாட்டிக்கொண்டாள்.

இடம் கிடைத்ததும் ஈறைத் திறக்க நாள் குறித்தார்கள். மச்சான் தூத்துக்குடியிலிருந்து லோடு இறக்கிவிட்டு, தூங்காமல், நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். பல் டாக்டர் நாற்காலியில் மடியில் உட்கார வைக்க முடியாது என்று டாக்டரம்மா சிரித்தார்கள். அப்படியானால் அவள் காலையாவது என் மடியில் வையுங்கள் என்றார் மச்சான். அப்படியே செய்தார்கள். அவள் சாய்ந்து படுத்திருக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். ராமலட்சுமி வெளியே பெஞ்சில் இருந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். கிளிப் மாட்டிய மதுரை டாக்டர் ஈறைத் திறந்தார். கொஞ்சம் ரத்தம் வந்தது. வெள்ளையாகப் பல் தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம், மச்சான் ஸ்டூலிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். நான் பிடிப்பதற்குள் தரையில் கிடந்தார். சத்தம் கேட்டு ராமலட்சுமி உள்ளே ஓடிவந்தாள். அண்ணன் தரையில், மகள் வாயில் ரத்தம். அவள் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

"எந்திரிட்டி, போதும், வா வீட்டுக்கு," என்று மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டரம்மா மச்சானின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். செத்த நேரத்தில் கண் திறந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. படுத்தபடியே தங்கையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"அவ கையை விடுட்டி. பாதியில நிக்குதுல்ல. முடிக்கட்டும்."

முடித்தார்கள். பொத்தானை ஒட்டிக் கம்பியைக் கோத்துத் தைத்தார்கள். மச்சானை உள்ளறைக்குக் கூட்டிப்போய் டாக்டரம்மா தனியாகக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவர் வெளியே வந்து, "ராத்திரி முழுக்கப் பட்டினியா வண்டி ஓட்டினா இப்படித்தான் வருமாம். ஒரு டீ வாங்கிக் குடுங்க மாப்ள," என்றார். நாங்கள் நம்பினோம்.

அதன் பிறகு மாதாமாதம் கம்பியை இறுக்கினார்கள். இறுக்கின இரண்டு நாள் செண்பகம் கஞ்சிதான் குடிப்பாள். மற்ற நாளில் நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மச்சான் வரும்போதெல்லாம் முதலில் கேட்பது, "எம்புட்டு எறங்கியிருக்கு?" என்பதுதான். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்களைவிட அவருக்குத்தான் அவசரம் அதிகமாக இருந்தது. ஏன் என்று அப்போது தெரியாது.

அந்த வருஷமே கார்த்திகையில், வன்னியம்பட்டியைத் தாண்டி ரோட்டோரம் அவருடைய லாரி நின்றுகொண்டிருந்தது. ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்திருக்கிறார். தூங்குகிறார் என்று கிளீனர் நினைத்திருக்கிறான். நெஞ்சு நின்றுபோயிருந்தது.

சேத்தூரில் துக்க வீட்டில் பொம்பளைகள் பேசுவதை யார் தடுக்க முடியும்? "மேல்பல்லை நோண்டினாகளாம்ல. அன்னைக்கே சுருண்டு விழுந்தாராம்ல." மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் செண்பகம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பேசினால் கையை வாயில் வைத்துக்கொண்டு பேசினாள், என்னைப் போலவே. அந்த மாதம் இறுக்கப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. ஒருநாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தக் கம்பியை எடுத்துரச் சொல்லுங்கப்பா. எனக்கு அந்தப் பல்லு வேண்டாம்," என்றாள். அண்ணன் போனதிலிருந்து ராமலட்சுமி யாரிடமும் அவ்வளவாகப் பேசவில்லை.

பல் அப்போது பாதிதான் இறங்கியிருந்தது. நுனி மட்டும் ஈறைத் துளைத்து வெளியே தெரிந்தது.

கம்பியை எடுத்துவிடச் சொல்ல நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போனதும் எல்லாம் ஒன்றுசேர வந்துவிட்டது. மச்சான் இறந்தது, துக்க வீட்டுப் பேச்சு, பிள்ளை சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது. என் வாழ்நாளில் வெளி ஆளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை. டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் வைத்திருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார்கள்.

"அன்னைக்கு அவருக்கு நாடி சரியா இல்லைங்க. தப்பித் தப்பி அடிச்சுது. முன்னாடியும் ரெண்டு தரம் வண்டியில கண்ணைக் கட்டிக்கிட்டு வந்திருக்கு, ஓரங்கட்டிட்டேன்னு அவரே சொன்னாரு. உடனே மதுரைக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பாருங்க, அது வரைக்கும் வண்டி எடுக்காதீங்கன்னு சொன்னேன். எழுதியும் குடுத்தேன்."

"எங்ககிட்ட டீ வாங்கித் தரச் சொன்னாரும்மா."

"அவர் எங்கிட்ட சொன்னதைச் சொல்லட்டுமா? 'இப்ப நான் போய்க் கட்டில்ல படுத்தேன்னா, பல்லுதான் படுக்க வச்சிருச்சும்பாக. எந்தங்கச்சி அந்தக் கம்பியைப் பிடுங்கிருவா. பல்லு எறங்கட்டும் டாக்டரம்மா, பொறவு போறேன்.' நான் எவ்வளவோ சொன்னேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கைபிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதை வீட்டில் சொல்வதா, மறைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால், பல்லால் மாமன் சாகவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனால் பல்லுக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போட்டார் என்றும் தெரியும். எது அதிகம் வலிக்கும்? எனக்கே ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் எதையாவது வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று பட்டது. ராமலட்சுமி அவ்வளவு வருஷம் பயத்தைச் சொல்லவில்லை. மச்சான் நெஞ்சைச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்லிவிட்டேன். இருவரையும் உட்கார வைத்து, டாக்டரம்மா சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல்.

ராமலட்சுமி முதலில் கோபப்பட்டாள். "சொல்லியிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனே. நான் அப்படியா பிடுங்கிருவேன்? என்னை இப்படியா நெனச்ச?" என்று அங்கே இல்லாத அண்ணனிடம் கேட்டாள். அப்புறம், ஆமாம், பிடுங்கியிருப்பேன் என்று அவளே சொன்னாள். அன்றைக்குத்தான் அண்ணனுக்காக முழுக்க அழுதாள்.

செண்பகம் அழவில்லை. "மதுரை டாக்டரு என்னைக்குப்பா வருவாரு?" என்று கேட்டாள்.

அவர் வந்த நாளில் மூன்று பேரும் போனோம். ராமலட்சுமிதான் முதலில் எழுந்து கிளம்பினாள். கம்பி தளர்ந்துபோயிருக்கிறது, விட்டதைப் பிடிக்க வேண்டும், இன்றைக்குக் கூடுதலாக இறுக்கினால் வலிக்கும், அடுத்த மாதமும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமா என்று மதுரை டாக்டர் கேட்டார். செண்பகம் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"வலிச்சாப் பரவாயில்ல. எங்க மாமா அவசரமா இருந்தாக. இறுக்குங்க டாக்டர்."

சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயை முழுசாகத் திறந்தாள்.

பல் இறங்கிவிட்டது. இந்த வருஷம் பங்குனியில் கிளிப்பைக் கழற்றினார்கள். படிப்பவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இரண்டுதான். பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேலும் பிள்ளைக்குப் பால்பல் விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம் என்றோ விதி என்றோ விட்டுவிடாதீர்கள், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு ஆள் சுருண்டு விழுந்தால், அவர் நெஞ்சைத் தவிர வேறு எங்கேயும் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ராஜபாளையம்,
1996, ஆவணி மாதம் 9-ம் தேதி.